காராயிக்கு இட்ட உப்பு

வாயில்லாச் சீவன் என்று ஒன்றுகூட இல்லாத அந்தக் காலத்தில், எறும்பு பேசியது, காளை பேசியது, காற்றும் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லியது. ஆனால் புழுக்கம் என்ற ஒன்று மட்டும் கிடையாது. வெயில் இருந்தது, மண்டையைப் பிளக்கிற வெயில். மண்வெட்டி பிடித்தவனுக்கு வியர்த்தது. சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு முதுகில் வழிந்து ஒழுகுவதும், ஓர் இலைகூட அசையாமல் நிற்பதும், மூச்சை யாரோ கையால் பொத்தினாற்போல் இருப்பதும் அந்தச் சனங்களுக்குத் தெரியவே தெரியாது. மழை வருகிறது என்றால் முதலில் குளிர்ந்த காற்று வரும். பின்னாலேயே காராயி வருவாள்.

காராயி யார் என்று கேட்பீர்கள். கடலுக்குப் பிறந்த மகள். மேகம்தான் அவள். ஆனால் இன்றைக்குப் போல எட்டாத உயரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற மேகம் இல்லை. கோடை கழிந்து ஆவணி முடிகிற சமயம், தாய்வீட்டிலிருந்து தண்ணீரை முந்தானையில் முடிந்துகொண்டு புறப்படுவாள். ஊர் ஊராக நடந்தே வருவாள். கருத்த, வாட்டசாட்டமான பெண். தலைமுடி எந்நேரமும் ஈரமாகவே இருக்கும். அவள் நின்ற இடத்தில் தரை பொதுபொதுவென்று ஆகிவிடும். ஊருக்கு ஒரு வீட்டில் உட்கார்ந்து ஒரு கும்பா கம்பங்கூழ் குடிப்பாள். குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "வாரேன் தாயி" என்று சொல்லி வானத்துக்கு ஏறினாள் என்றால் கொஞ்ச நேரத்தில் அந்த ஊர்க் காடெல்லாம் மழை கொட்டும். அப்புறம் மிச்சத் தண்ணீரோடு அடுத்த ஊர்.

அவளுக்குச் சோறு போடுவதில் கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான். கூழில் உப்புப் போடக் கூடாது. ஒரு வீட்டு உப்பைத் தின்றவர் அந்த வீட்டுக்கு ஆள் ஆகிவிடுவார், வீட்டார் விட்டாலொழிய நகர முடியாது. அன்றைக்கு உலகத்துக்கு இருந்த சட்டம் அது. காளை தொழுவத்தைவிட்டு ஓடாமல் நின்றது அதனால்தான். காராயியோ எல்லா ஊருக்கும் பொதுவானவள். அவளை ஒரு வீடு கட்டிப்போட்டால் மற்ற ஊர்க்காரர்கள் மண்ணையா தின்பார்கள்? இதைத் தெரியாதவர்கள் ஒருத்தரும் இல்லை. தெரிந்தும் ஒருத்தி செய்தாள். அவள் கதைதான் இது.

கரிசல் காட்டுக்கு நடுவில் முள்ளூரணி என்று ஓர் ஊர். ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. மேற்கே ஓர் ஊருணி உண்டு, அதிலும் வானம் பார்த்துக் கொடுத்தால்தான் தண்ணீர். அந்த ஊரில் வெயிலுமுத்து என்பவனுக்கு வாக்கப்பட்டவள் குருவம்மா. நெடுநெடுவென்று வளர்த்தி, கருக்கென்று பேச்சு. இடுப்பில் எப்போதும் கைக்குழந்தை செல்லக்கனி ஒட்டிக்கொண்டிருக்கும்.

செல்லக்கனிக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். தங்கச்சாமி என்று பேர். முந்தின வருசம் காராயி முள்ளூரணிக்கு வரவே இல்லை. பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், ஊரே மூட்டை முடிச்சோடு பஞ்சம் பிழைக்கக் கிழக்கே நடந்தது. வழியில் தங்கச்சாமிக்கு வயிற்றால் போனது. பொழுது இறங்குவதற்குள் பிள்ளை துவண்டு, போயே போய்விட்டான். பாதை ஓரத்தில் ஒரு பனைமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார்கள். கூட வந்தவர்களுக்கு நின்று அழ நேரம் இல்லை. அவரவர் பிள்ளையும் பசியில் கிடக்கிறதே. குருவம்மா அப்போது வயிற்றில் செல்லக்கனியைச் சுமந்துகொண்டிருந்தாள். திரும்பி வருகிறபோது அந்த இடத்தைத் தேடினாள். அந்தப் பாதையில் எல்லாப் பனையும் ஒன்றுபோலவே நின்றன. எந்தப் பனை என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஊருக்குள் காலை வைத்தவுடன் அவள் புருசனிடம் சொன்னது இதுதான்: "இன்னொரு மட்டம் என் பிள்ளையத் தூக்கிக்கிட்டு அந்தப் பாதையில நடக்க மாட்டேன். செத்தாலும் இங்கதான்."

இந்த வருசம் கோடையில் காற்று கொண்டுவந்து தெளித்த சின்னத் தூறலை நம்பிக் கம்பு விதைத்திருந்தார்கள். பயிர் இடுப்பு உயரம் வளர்ந்து, கதிர் வெளியே வந்துவிட்டது. இனி ஒரே ஒரு நல்ல மழை வேண்டும். விழுந்தால் கதிர் பால் பிடிக்கும், வருசம் முழுக்கக் கூழ் உண்டு. விழாவிட்டால் மறுபடியும் மூட்டை, மறுபடியும் பாதை. இலையெல்லாம் சுருண்டு ஊசி ஊசியாக நின்றது. குருவம்மா தினம் போய்க் கதிரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள்.

காராயிக்குக் கூழ் வைக்கிற முறை அந்த வருசம் வெயிலுமுத்து வீட்டுக்கு வந்தது.

ஒரு நாள் முற்பகலில் குளிர்ந்த காற்று தெருவுக்குள் நுழைந்தது. "வந்துக்கிட்டிருக்கா, வந்துக்கிட்டிருக்கா, எல்லாரும் விலகுங்க" என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டே ஓடியது. பின்னால் காராயி. நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. குருவம்மா பாய் விரித்தாள். செல்லக்கனி தவழ்ந்து போய் அவள் ஈர முடியைப் பிடித்து இழுத்தாள்.

"அடடா, இது யாரு? போன மட்டம் பார்க்கலையே?" என்று காராயி குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"போன மட்டம் நீ எங்க வந்த, பார்க்கிறதுக்கு?" என்றாள் குருவம்மா.

காராயி தலையைக் குனிந்தாள். "வரணும்னுதான் தாயி கிளம்பினேன். வழியில ஓர் ஊர்ல ரொம்பக் கேட்டாக. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னாக. மனசு கேக்கலை, ஊத்திக்கிட்டே இருந்துட்டேன். இந்தப் பக்கம் திரும்பும்போது முந்தானையில ஒண்ணும் மிச்சம் இல்ல. வெறுங்கையோட வர வெக்கமா இருந்துச்சு."

"நீ வராததுல என் மூத்தது போயிருச்சு."

காராயி மடியில் இருந்த குழந்தையின் தலையைத் தடவிக் கொடுத்தாள். அவள் கண்ணிலிருந்து விழுந்த சொட்டில் பாய் நனைந்தது. பொய்யாக அழுகிறவள் இல்லை அவள். அது குருவம்மாவுக்கும் தெரிந்தது.

"சரி, போனது போச்சு. வார வருசம் வருவியா?"

"வருவேன்னுதான் நினைக்கேன்."

நினைக்கேன்! நினைப்பை நம்பியா ஒரு பிள்ளையை வளர்ப்பது? குருவம்மா கும்பாவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். கூழை ஊற்றினாள். கை தானாக உப்புப் பானையின் மூடியைத் திறந்தது.

அடுப்பு மேட்டில் ஊர்ந்துகொண்டிருந்த கட்டெறும்பு நின்று பார்த்தது. "தாயி, உப்புப் பானைக்கு இன்னைக்கு என்ன வேலை?"

"உன் சோலியப் பார்த்துக்கிட்டுப் போ."

"நான் போறேன். நீ யோசிச்சுச் செய். பெரிய சங்கதி இது."

"நான் யோசிச்சு யோசிச்சுத்தான் ஒரு வருசமாத் தூங்காம கிடக்கேன்" என்றாள் குருவம்மா. ஒரு பிடி உப்பை அள்ளிக் கூழில் போட்டுக் கையாலேயே கலக்கினாள்.

காராயி கும்பாவை வாங்கி ஒரு வாய் குடித்தாள். அப்படியே நின்றது கும்பா. ஆனால் கீழே வைக்கவில்லை. நெடுந்தூரம் நடந்து வந்தவளுக்கு அந்த ருசி நாக்கில் பட்டதும், பிறந்த வீட்டு நினைப்பு வந்துவிட்டது. "எங்க ஆத்தா வீட்டு ருசி மாதிரியே இருக்கே" என்று கண்ணை மூடிக்கொண்டு, மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டாள். குடித்து முடித்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

"ஏன் தாயி இப்படிச் செஞ்ச?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் குருவம்மாவுக்குத் தாங்கவில்லை. "நீ போகக் கூடாது. எனக்கு வேற வழி தெரியலை" என்றாள்.

"போகாம எப்படிப் பெய்வேன்? மேல ஏறிக் கரைஞ்சு கீழ விழணும். விழுந்தா ஓடணும், ஊருணிக்கு, ஓடைக்கு, கடைசியில எங்க ஆத்தாகிட்ட. கட்டிப்போட்டவ எப்படி விழுவா?"

குருவம்மா அதை யோசித்திருக்கவில்லை. நிறுத்திவைத்தால் போதும், மழை தானாகப் பெய்யும் என்று நினைத்துவிட்டாள். "எத்தனை நாளைக்குத் தாங்குவ? பெய்யத்தான் செய்வ" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

காராயி எழுந்தாள். ஏறினாள். பனை உச்சிக்குக் கொஞ்சம் மேலே போனதும், கயிறு தீர்ந்துபோன மாடு மாதிரி வெடுக்கென்று நின்றாள். அங்கேயே நின்றாள்.

ஊருக்கு முதலில் கொண்டாட்டம். வெயில் மறைந்துவிட்டதே! மேலே கன்னங்கரேல் என்று மேகம். இப்போது பெய்யும், இதோ பெய்யும் என்று சனங்கள் பானை சட்டிகளை எல்லாம் முற்றத்தில் நிமிர்த்தி வைத்தார்கள். மறுநாள் காற்று வந்து காராயியை நெட்டித் தள்ளிப் பார்த்தது. தோளைக் கொடுத்தும் பார்த்தது. அசையவில்லை. "என்னால ஆகாது" என்று ஊர் எல்லையில் உட்கார்ந்துவிட்டது. அதோடு முள்ளூரணியில் காற்றும் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? மேலே மேகம் மூடி போட்டது, கீழே பூமியின் சூடு வெளியேற வழி இல்லை. துவைத்துப் போட்ட சேலை காயவில்லை. வைக்கோல் போரில் பூஞ்சணம் பிடித்தது. பால் கறந்தவுடன் திரிந்தது. கம்பங்கதிர் பால் பிடிப்பதற்குப் பதிலாகப் பிசுபிசுவென்று தேன்போல ஒழுக ஆரம்பித்தது. ஈ மொய்த்தது. சனங்களுக்கு உடம்பெல்லாம் அனல், ஆனால் சொட்டு வியர்வை கிடையாது. சும்மா இருக்கிற உடம்புக்கு வியர்க்கத் தெரியாத காலம் அல்லவா? தோல் காய்ந்து கொதித்தது. புளியமரத்தடியில் ஆணும் பெண்ணும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார்கள்.

எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறும், பெய்யவில்லையே என்று இறங்கும், மறுபடி ஏறும். வெயிலுமுத்துவின் மயிலைக்காளை தொழுவத்தில் படுத்தபடியே சொன்னது: "வெயிலக்கூடத் தாங்கிருவேன் முதலாளி. இது என்ன எழவுன்னு தெரியலையே. நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்காப்ல இருக்கு."

குருவம்மா யாரிடமும் வாய் திறக்கவில்லை. பெய்யும், பெய்யும் என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லக்கனி பால் குடிப்பதை நிறுத்தினாள். முதலில் சிணுங்கினாள். பிறகு சிணுங்கவும் இல்லை. நெற்றியில் கை வைத்தால் சுட்டது. கண் பாதி மூடி, பாதி திறந்து கிடந்தது. தங்கச்சாமிக்கும் கடைசியில் கண் அப்படித்தான் கிடந்தது. அதைப் பார்த்தவுடன் குருவம்மா குழந்தையை அள்ளிக்கொண்டு நட்ட நடுப் பகலில் கம்புக் காட்டுக்கு ஓடினாள்.

"ஏ காராயி! அவுத்துவிட்டேன், போ! போயி பெய்!" என்று மேலே பார்த்துக் கத்தினாள்.

"வாய்ச்சொல்லுக்கு அவுராது தாயி" என்றாள் காராயி. அவள் குரலும் தேய்ந்துபோயிருந்தது. "உப்புதான் கயிறு. அதுல ஒரு முனை என் வயித்துல கிடக்கு. அதை என்னால துப்ப முடியாது. இன்னொரு முனை உங்ககிட்ட இருக்கு. நீ ஊர் முறையிலதான எனக்குக் கூழ் வச்ச? அப்போ ஊரே பிடிச்சிருக்குன்னுதான் கணக்கு. ஊர்ல உப்பு இருக்கிற வரைக்கும் முடிச்சு இறுகித்தான் கிடக்கும். பானையில இருக்கக் கூடாது. உடம்புலயும் இருக்கக் கூடாது."

"உடம்புலயுமா?"

"உடம்புலயும்தான்."

குருவம்மா நேரே புளியமரத்தடிக்கு வந்தாள். ஊரே அங்கேதான் கிடந்தது. குழந்தையை மார்போடு பிடித்துக்கொண்டு, "நான்தான் உப்புப் போட்டேன்" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். நினைக்கேன் என்ற சொல்லையும் சொன்னாள், கட்டெறும்பு தடுத்ததையும் சொன்னாள்.

வெயிலுமுத்து எழுந்து உட்கார்ந்தான். பெண்டாட்டியை முதல் தடவை பார்க்கிறவன் மாதிரி பார்த்தான். வெயிலுமுத்துவின் அண்ணன் பெண்டாட்டி பூரணம் மட்டும் தட்டுத்தடுமாறி எழுந்து வந்தாள். அவளும் முந்தின வருசம் அந்தப் பாதையில் தன்னைப் பெற்றவளைப் பறிகொடுத்தவள். வந்ததும் குருவம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அடிப் பாவி! ஊர அழிச்சிட்டியேடி, ஏளா, ஊர அழிச்சிட்டியே!"

"ஆமாக்கா."

பூரணத்தின் கண் குழந்தை மேல் விழுந்தது. கை தளர்ந்தது. அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு, "எங்க வீட்டு முறையா இருந்திருந்தா நான் ரெண்டு பிடி போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, தன் வீட்டுக்குப் போய் உப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "கிடக்காதீக, எந்திரிங்க எல்லாரும். உப்பக் கொண்டாங்க."

வீட்டுக்கு வீடு உப்பு வெளியே வந்தது. ஊருக்குத் தொலைவாகப் போய்ப் பொட்டல் காட்டில் கொட்டிவிட்டு வந்தார்கள். கருவாடு வைத்திருந்தவர்கள் அதையும் கொட்டினார்கள், ஊறுகாய் வைத்திருந்தவர்கள் சட்டியோடு கொட்டினார்கள். பூரணமும் இன்னும் சில பெண்களும் ஓலைப்பெட்டியோடு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, உப்பில்லாத சோறும் கூழும் வாங்கினார்கள். யார் வீட்டுச் சோறு யார் வீட்டுச் சோறு என்று தெரியாதபடி எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்தார்கள். காய்ந்த ஊருணிக்குள் உட்கார்ந்து ஊரே தின்றது. தொண்டையில் இறங்கவில்லை. இறங்காத சோற்றை வைத்துக்கொண்டு, போன வருசம் பாதையில் செத்துப்போனவர்கள் பேரையெல்லாம் சொல்லிப் பெண்கள் அழுதார்கள். அழட்டும் என்று ஆண்கள் விட்டுவிட்டார்கள். கண்ணீரிலும் உப்புத்தானே போகிறது.

அப்புறம் மண்வெட்டியை எடுத்தார்கள். ஊருணியில் படிந்த கரம்பை மண்ணை வெட்டிக் கரையில் போட்டார்கள். எழுந்து நிற்கவே தெம்பில்லாதவர்கள் வெட்டினார்கள். வியர்க்க வேண்டும், அவ்வளவுதான். முதுகும் மார்பும் நனைந்து, உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்து உதிர்ந்தது. மயிலைக்காளையும் மண் இழுத்தது. நாயையும் கூப்பிட்டார்கள். அது ஓடி ஓடிப் பார்த்தது, சொட்டு வரவில்லை. "என் உடம்புல வழியே இல்லையே, நான் என்ன செய்ய?" என்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பாவம், இன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது.

"ஏளா, மண்ணு வெட்டுறவுக சரி. பச்சப்புள்ள என்ன செய்யும்? படுக்கையில கிடக்கிற கிழடுக என்ன செய்யும்?" என்று பூரணம் கேட்டாள்.

மேலே இருந்து காராயி சொன்னாள்.

"அவுகளுக்கு நான் எடுத்துவிடுறேன். கொஞ்சம் வேதனையாத்தான் இருக்கும், பொறுத்துக்கிடுங்க."

சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். கயிறு கீழே இறங்கத் தடுக்கவில்லை. கூரையைத் தொடுகிற அளவுக்கு இறங்கி, நனைந்த கம்பளி மாதிரி ஊர் மேல் படுத்துக்கொண்டாள். தன் கனத்தையெல்லாம் வைத்து ஒவ்வோர் உடம்பையும் அழுத்தினாள். சனங்களுக்கு மூச்சு முட்டியது. சும்மா படுத்துக் கிடந்தவர்களின் கழுத்திலும் முதுகிலும் வியர்வை துளிர்த்தது. துளிர்த்தது, வழிந்தது. உலகத்தில் அப்படி ஒரு வியர்வை அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

குருவம்மா குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லக்கனியின் மேலுதட்டில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. பிறகு நெற்றியில். பிறகு பிஞ்சு முதுகு முழுக்க. கையை வைத்துப் பார்த்தாள். சூடு இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தை கண்ணைத் திறந்து, முகத்தைச் சுளித்து, வீல் என்று ஓர் அழுகை அழுதாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு வெயிலுமுத்து மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "வேர்த்திருச்சு புள்ள! வேர்த்திருச்சு!" என்று சொல்லிச் சொல்லி அழுதான். குருவம்மா ஊருணி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காராயி மறுபடி மேலே ஏறினாள். பனை உச்சியைத் தாண்டினாள், இன்னும் ஏறினாள். ஊரே அண்ணாந்து பார்த்தது. பிறகு மறுபடியும் நின்றாள்.

"இன்னும் ஓர் இழை இருக்கு" என்றாள் மேலிருந்து. "குருவம்மா, உன்கிட்டதான்."

"என்கிட்ட ஒண்ணும் இல்லையே தாயி. பானையக் கழுவிக் கவுத்திட்டேன். உடம்புல இனி வேர்க்கத் தண்ணியே இல்ல."

"நீ விடை குடுக்கணும். நீதான் கட்டின, நீதான் அனுப்பணும்."

குருவம்மா எழுந்து நின்றாள். வாய் திறந்தாள். வந்து நின்ற விருந்தாளியை, ஊருக்குக் கிளம்புகிற மகளை, சந்தைக்குப் போகிற புருசனை என்ன சொல்லி அனுப்புவோம்? போயிட்டு வா என்போம். அதைத்தான் அவள் சொன்னாள். "போயிட்டு வா தாயி."

கயிறு அவிழவில்லை.

"அதுவும் கயிறுதான் குருவம்மா" என்றாள் காராயி. "வான்னு சொல்லி அனுப்பினா நான் வந்தாகணும். எங்க ஆத்தா எவ்வளவு குடுப்பா, காத்து எந்தப் பக்கம் திரும்பும், எந்த ஊர்ல எம்புட்டு ஆகும், எனக்கே தெரியாது. தெரியாததுக்கு எப்படி வாக்குக் குடுப்பேன்? வெறுமனே போன்னு சொல்லு."

போ என்று மட்டுமா? யாரையும் அப்படி அனுப்புகிற வழக்கம் அந்த மண்ணில் கிடையாது. சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவரை மட்டும்தான் வா என்று சொல்லாமல் அனுப்புவது. வா என்று சொல்லாமல் விட்டு, வார வருசம் இவள் வராமல் போனால்? செல்லக்கனி அதற்குள் நடக்கப் பழகியிருப்பாள், அந்தக் காலோடு எங்கே நடப்பாள்? குருவம்மா மேலே பார்த்தாள். காராயி, கட்டின இடத்தில் நிற்கிற மாட்டைப் போலப் பொறுமையாக நின்றாள். கேட்டால் இன்னொரு தடவை கெஞ்சிக் கேட்கலாம். கேட்டாலும் அவள் கோபிக்க மாட்டாள். அங்கேயே நிற்பாள். கதிர் அழுகும். குழந்தைக்கு மறுபடி சுடும்.

குருவம்மா செல்லக்கனியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"போ" என்றாள்.

அவ்வளவுதான். ஊர் எல்லையில் உட்கார்ந்திருந்த காற்று துள்ளி எழுந்து ஓடி வந்தது. காராயி ஒரு தடவை குலுங்கினாள். முதல் துளி ஊருணியின் காய்ந்த மண்ணில் பொத்தென்று விழுந்து புழுதியைக் கிளப்பியது. அப்புறம் துளி எது, தாரை எது என்று தெரியாமல் கொட்டித் தீர்த்தது. சனங்கள் ஓடி ஒதுங்கவில்லை. வெட்டின குழியெல்லாம் நிரம்புகிற வரைக்கும் மண்வெட்டியும் கையுமாக நனைந்துகொண்டு நின்றார்கள்.

கரைந்துகொண்டே காராயி பேசினாள். குரல் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. "உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா பயம் வந்திருச்சு. இனி எந்த வீட்டுக்குள்ளயும் உக்காந்து சாப்பிட மாட்டேன். பெய்யிறதுக்கு முன்னால, உங்க உடம்புல உப்பு மிச்சம் இருக்கான்னு அழுத்திப் பார்த்துக்கிட்டுத்தான் பெய்வேன்."

பாதிக் கம்பு பாழ். மீதிப் பாதி தேறியது. வயிறு நிறையாது, ஆனால் உயிர் கிடக்கும். அந்த வருசம் முள்ளூரணியில் யாரும் மூட்டை கட்டவில்லை.

வார வருசம் வந்தாளா என்று கேட்பீர்கள். வந்தாள். அழுத்தினாள், பெய்தாள். அதற்கும் அடுத்த வருசம் அழுத்தினாள், ஊரே வியர்த்து நனைந்தது, என்ன சந்தேகமோ, பெய்யாமலே வேறு பக்கம் போய்விட்டாள். குருவம்மா அவளை ஏசவில்லை. செல்லக்கனியைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றவர்களோடு கிழக்கே நடந்தாள்.

ஆவணி புரட்டாசியில் இலை அசையாமல் ஊர் வெந்து அவிவதும், சும்மா இருக்கிற உடம்பில் வியர்வை ஆறாய் ஓடுவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். மழைக்காக வீடு வீடாய்ச் சோறு எடுக்கிற பெண்கள் அதை உப்பில்லாமல் வாங்கி, ஒன்றாகப் பிசைந்து, அழுதுகொண்டே தின்பதும் அன்றையிலிருந்துதான். புழுங்கும்போது விசிறியைத் தேடுகிறோம், சலித்துக்கொள்கிறோம். மேலே ஒருத்தி, இந்தத் தடவை நம்மை நம்பலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.